செவ்வாய் வெள்ளிக் கோடுகள்

அந்த அம்மாவிடம் இரண்டு வாட்ச் இருந்தது. ஒன்று கையில், ஒன்று பைக்குள். படப்பை பஸ் போய்விட்டதா என்று யாராவது கேட்டால் முதலில் கையைப் பார்ப்பார். அப்புறம் பையைத் திறந்து அதையும் பார்ப்பார். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டினால் நிம்மதியாக இருப்பார். ஒரே நேரம் காட்டினால்தான் முகம் சுருங்கும். "ரெண்டும் பேசி வச்சிக்கிட்டுப் பொய் சொல்லுதோ?" என்பார்.

வடக்குப்பட்டில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரெண்டு வாச்சு. சொந்தப் பெயரும் ஒன்று உண்டு. அதைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "அது என் பேருதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று எங்கிருந்தாவது வந்து நிற்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்போது எனக்கு என்ன வயசோ ஏறக்குறைய அதே வயசு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று என் மாமியார் கேட்டதற்கு, "யாரை நம்பிப் பண்ண?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

1991 பிறந்த கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குக் குடி வந்தார். அங்கே இரண்டு அறைகள். ஒன்றில் முன்பு விதை வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருந்தோம். தடித்த மண்சுவர், ஜன்னல் கிடையாது, சித்திரையிலும் ஜில்லென்று இருக்கும். வாடகைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வெளிச்சம் வருமா, காற்று வருமா என்று கேட்பார்கள். இவர் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து, "நல்ல இருட்டா இருக்கு. எடுத்துக்கிடுதேன்" என்றார்.

என் மாமியாருக்குச் சந்தேகம் அந்த நிமிஷமே முளைத்துவிட்டது.

"இருட்டுக்கு வாடக குட்க்கறாளாம்டி. இன்னா செய்யப் போறா உள்ள?"

"தூங்கப் போறாங்கோ அத்த."

"தூங்க இம்மாம் பெரிய ரூமு எதுக்கு? பக்கத்து ரூமுலதான் பாய் போட்டுக் கீது."

மாமியார் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு அறை அந்த அம்மாவுக்கு. இருட்டு அறை அவருடைய பூசணத்துக்கு.

இப்போது ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ் வரிசையாக நிற்கிறது, ஷிப்ட் விட்டால் ரோட்டைக் கடக்க முடியவில்லை. அப்போது அங்கே கம்பெனி என்று சொன்னால் வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதில் அரிசி நொய்யை வேகவைத்துத் தட்டில் பரப்பிப் பூசணம் வளர்ப்பார்கள். நாம் தோசை மாவில் பூசணம் பிடித்தால் கொட்டுவோம். அவர்கள் பூசணம் பிடிக்கவில்லை என்றால் கொட்டுவார்கள். முதலில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படரும். பிறகு பச்சையாக மாறும். அந்தப் பச்சைதான் தூள், அந்தத் தூள்தான் அதற்கு விதை. அதை விதைக்கடலையில் கலந்து விதைத்தால் வேர் அழுகாது என்று பாக்கெட் போட்டு விற்றார்கள். அந்த வருஷம் பூசணம் வெள்ளையாகவே படுத்துக்கொண்டது. பச்சை வரவில்லை. ஆடிப் பட்டத்துக்குள் பச்சை வராவிட்டால் கொட்டகையை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பது இந்த அம்மாவின் வேலை. கண்டுபிடிக்காவிட்டால் வேலையும் இல்லை.

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் ஊரில் அதை எல்லாரும் சும்மாவே செய்துகொண்டிருந்தோம்.

அவர் வாயில் எப்போதும் ஒரு கேள்வி நிற்கும். "நீங்க பாத்தியளா, இல்ல யாரும் சொன்னாவளா?" ஏரிக்கரையில் பாம்பு இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னால், பாத்தியளா சொன்னாவளா. கத்தரிக்காயில் புழு இல்லை என்று கடைக்காரர் சொன்னால், பாத்தியளா சொன்னாவளா. அவர் பாவம், காயை அறுத்தா பார்த்திருப்பார்?

ஒரு நாள் என் மாமியார் தன் புருஷன் பெருமையைப் பேச ஆரம்பித்தார். செத்துப்போன என் மாமனார் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் முப்பது இட்லி சாப்பிட்ட கதை. நாங்கள் எல்லாரும் நூறு தடவை கேட்டது. அந்த அம்மா முதல் தடவையாகக் கேட்கிறார்.

"பெரியம்மா, நீங்க பாத்தியளா?"

"இன்னா?"

"அவுக சாப்பிட்டதை நீங்க பக்கத்துல இருந்து எண்ணுனியளா?"

"நா எதுக்குப் போறேன்? வூட்ல மாடு கன்னு போட்டிருந்துச்சி."

"அப்ப சொன்னாவ. யாரு சொன்னா?"

சொன்னது மாமனார்தான். அதன் பிறகு அந்த வாரம் முழுக்க மாமியார் அவரோடு பேசவில்லை. எனக்கு மட்டும் அடுப்படியில் சிரிப்பை அடக்க முந்தானை போதவில்லை.

ஊரைச் சந்தேகப்பட்டாலும் பரவாயில்லை. தன்னையே சந்தேகப்படுவார். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஒரு நாள் என்னிடம் ஸ்டிக்கர் பொட்டு இரண்டு அட்டை வாங்கி வரச் சொன்னார், கறுப்பில் ஒன்று, அரக்கில் ஒன்று. பொட்டே வைக்காத ஆளுக்கு என்ன திடீர் ஆசை என்று நினைத்தேன். அவர் நெற்றிக்கு இல்லை, பூசணத்துக்கு.

இருட்டு அறையில் முழங்கை நீளக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒரு முனையில் பூசணத்தை வைத்தால் அது நாளுக்குக் கொஞ்சமாகப் படர்ந்து மறுமுனைக்கு ஊர்ந்து போகும். சில குழாயில் பழைய நல்ல பூசணம். சிலதில் கொட்டகையில் வெள்ளையாகப் படுத்துக்கொண்ட பூசணம். எந்தக் குழாயில் எது என்று எனக்கு மட்டும் தெரியும்படி அடியில் பொட்டு ஒட்டச் சொன்னார். நல்லதுக்குக் கறுப்பு, வெள்ளைக்கு அரக்கு. அப்புறம் நானே குழாய்களைக் கலைத்து வைக்க வேண்டும்.

"உங்களுக்கே தெரியாம உங்க சாமானை மறைக்கறது இன்னா வேல?"

"எது எதுன்னு தெரிஞ்சா, என் கண்ணு நான் நெனைக்கதைத்தான் பாக்கும். என் கண்ணை நான் நம்ப மாட்டேன்க்கா."

"என்ன மட்டும் நம்பறீங்களா?"

"உங்களுக்கு இதுல என்ன நடக்கணும்னு ஆசை இல்ல. அதான்."

அதை நான் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த அறைக்குள் அவர் சிவப்பு பல்பு மாட்டியிருந்தார். அது எரியும்போது கதவு இடுக்கில் ரத்தக் கோடு மாதிரி தெரியும். குழாய்களுக்கு மேலே கறுப்புத் துணி வேறு. ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கள்ள நோட்டு என்றார்கள். மை வைக்கிறார் என்றார்கள். சாராயம் என்று ஒருவர் சொல்லி, ஆசையாக வாசலில் வந்து மூக்கை நீட்டிவிட்டுப் போனார்.

அந்த மே மாசம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கப்புறம் இந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. வெளியூர் ஆள், தனி ஆள், வாடகை ஆள் என்று ஒருவர் விடாமல் போலீஸ் விசாரித்தது. சேரப்பணஞ்சேரியில் பாத்திரம் விற்க வந்தவரைக்கூட அரை நாள் உட்காரவைத்தார்கள். எங்கள் வீட்டில் தெற்கத்திப் பேச்சு, தனிப் பொம்பளை, பூட்டிய அறை, சிவப்பு பல்பு, தூள். கேட்க வேண்டுமா?

என் மாமியார் ராத்திரிச் சோற்றையே குறைத்துவிட்டார். "தூளுன்றாளே, இன்னா தூளு? தட்னா வெடிக்குமா?" என்று என்னைக் கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாரா என்றால், அங்கேதான் கதை.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பூசணம் எப்படி வேலை செய்கிறது என்று அவர் எனக்குச் சொன்ன விதம். நான் மூன்றாம் கிளாஸ். அவர் எவ்வளவு படித்தவர் என்று கேட்டால் அதற்கும் இரண்டு வாட்ச் பார்ப்பார். ஒரு பகலில் நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன், மாமியார் பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்டுல அடுப்பை யாரு பத்த வைக்கா?" என்றார் அந்த அம்மா.

"நாந்தான்."

"யாரு சொல்லி?"

"அத்த சொல்வாங்கோ."

"ஆளு வந்திருக்குன்னு பெரியம்மாவுக்கு யாரு சொல்லுதா?"

"வாசல்ல நாயி கொலைக்கும்."

"அம்புட்டுதான். நாய், பெரியம்மா, நீங்க. இந்த மூணு பேரும் பூசணத்துக்குள்ள இருக்காவ. அதைத்தான் ஜீன்ங்காங்க. வெளிச்சம் வந்தா நாய் குரைக்கும். பெரியம்மா உத்தரவு போடுவாவ. நீங்க பச்சைத் தூளை ஆக்கிப் போடுவிய. வெளிச்சம் பட்ட அன்னைக்கு அது எம்புட்டுத் தூரம் படர்ந்திருந்துச்சோ, அந்த இடத்துல ரெண்டு நாள்ல பச்சையா ஒரு கோடு விழும்."

"எதுக்கு வெளிச்சத்தப் பாத்து பயப்படுது?"

"மண்ணுக்கடியில கெடக்க உசிரு. வெளிச்சம் பட்டா, வெளிய வந்துட்டோம், காய்ஞ்சு போவோமோ, எவனும் மிதிப்பானோன்னு சந்தேகம். உடனே தூளைக் கொட்டிக் காத்துல அனுப்பிரும். தான் செத்தாலும் தூள் பொழைக்கும்." அவர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் பாசம் தெரிந்தது. "சந்தேகப்படத் தெரிஞ்ச உசிரு அக்கா."

மாமியார் கீரையை நிறுத்தினார். "ஆம்பள எங்க இதுல?"

"ஆம்பளையும் கிடையாது, பொம்பளையும் கிடையாது பெரியம்மா. தூள் ஒவ்வொண்ணும் தானே முளைக்கும்."

"ஆம்பள இல்லாம புள்ளயா? ஊரு ஒண்ணும் கேக்கலியா?"

"அதுக்கு ஊரு இல்லல்லா, அதான் நிம்மதியா பெத்துக்கிடுது."

மாமியார் கீரைத்தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில், 'இவளோட சேராத' என்று இருந்தது.

கொட்டகைப் பூசணத்தில் அவருக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. "இது குருடா, மலடா?" வாசல் நாய்க்கு மட்டும் கண் போயிருந்தால் குருடு. அடுப்பு பற்றவைக்கிற ஆளே செத்துப்போயிருந்தால் மலடு. குருடு என்றால் ஏதாவது வழி பார்க்கலாம். மலடு என்றால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அவர் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஏட்டு வந்தார். கூட ஒரு கான்ஸ்டபிள். வாசலில் ஊரே நின்றது. இருட்டு அறையைத் திறக்கச் சொன்னார். அந்த அம்மா கதவைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"வெளிச்சம் படக்கூடாது சார். செவப்பு லைட்டைப் போடுதேன், உள்ள வந்து பாருங்க."

"அது இன்னாமா செவப்பு லைட்டு? போட்டோ ஸ்டுடியோவா வெச்சிக்கீற?"

"செவப்பு இதுக்குத் தெரியாது சார். நான் அதைப் பாக்கலாம். அது என்னைப் பாக்காது."

ஏட்டு ஒரு அடி பின்னால் வைத்தார். "பாக்குமா அது?"

"பாக்கும்."

நானும் உள்ளே போனேன். வீட்டுக்காரி என்கிற உரிமை. மாமியார் வாசல்படியோடு நின்றுகொண்டார். சிவப்பு வெளிச்சத்தில் ஏட்டு குழாய் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளைப் பஞ்சு. அதில் இடைவெளி விட்டு விட்டுக் கறுப்பாகக் கோடு கோடாக இருந்தது. பச்சைதான் அந்தச் சிவப்பில் கறுப்பாகத் தெரிந்தது.

"இது இன்னா கோடு? அளவு போட்டு எதுனா நெரப்பி வெச்சிக்கீறியா? எல்லாத்தியும் ஸ்டேஷனுக்கு எடுத்துனு போறேன். அங்க பாத்துக்கலாம்."

"எடுத்துட்டுப் போனா வெயில் பட்டு எல்லாம் வீணாப் போயிரும் சார். முதல்ல இருந்து ஆரம்பிக்க எனக்கு நாள் இல்ல."

"அப்ப கோடு இன்னான்னு சொல்லு."

அந்த அம்மா வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அவர் அதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் என்று எனக்குப் புரிந்தது.

"இருட்டுல இருந்தா கோடே விழக்கூடாது. யாரோ கதவைத் தொறந்து துணியைத் தூக்கிப் பாக்காவ. பாத்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு."

"திருடனா?"

"தெரியல. நான் வேலைக்குப் போன பொறவு."

ஏட்டு குழாயைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார். கெட்டிக்காரர். கோடுகளுக்கு நடுவில் இடைவெளி ஒரே மாதிரி இல்லை என்று அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். ஒன்று குறுகல், அடுத்தது அகலம், மறுபடி குறுகல், மறுபடி அகலம்.

"நாளைக்கு எம்மாந்தூரம் ஓடும் இது?"

அந்த அம்மா விரலால் காட்டினார். ஏட்டு அளந்தார். "மூணு நாளு. நாலு நாளு. மூணு. நாலு." விரலை மடக்கி எண்ணினார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "செவ்வா, வெள்ளி! செவ்வா, வெள்ளி! எங்க வூட்லயும் அந்த ரெண்டு நாள்தாம்மா சாம்பிராணி!"

எல்லாரும் திரும்பி என் மாமியாரைப் பார்த்தோம்.

எங்கள் பக்கத்தில் செவ்வாயும் வெள்ளியும் வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை போடுவோம். ஒரு அறையை விட்டுவிட்டுப் போட்டால் தரித்திரம் அந்த அறையில் உட்கார்ந்துகொள்ளும் என்பது மாமியார் கணக்கு. பூட்டு ஒரு தடையே இல்லை. அந்தப் பூட்டு அவர் டிரங்குப் பெட்டிச் சாவிக்கும் திறக்கும். புகை போடப் போனவர் புகையை மட்டும் போட்டுவிட்டு வந்திருந்தால் பரவாயில்லை.

"நா அந்த ரூம்ல காலே வெச்சதில்ல!" என்றார் மாமியார்.

"கால் வெக்கல, சரி. தலய நீட்டினியா பாட்டி?"

வாசலில் நின்ற ஊர் கொல்லென்று சிரித்தது. மாமியார் முகம் சுட்ட கத்தரிக்காயாகிவிட்டது.

ஏட்டுக்குச் சந்தேகம் முக்கால்வாசி போய்விட்டது. கால்வாசி பாக்கி. கோடே இல்லாமல் வெறும் வெள்ளையாக இருந்த குழாய் ஒன்றை எடுத்தார். "இதுல மட்டும் ஏன் கோடு இல்ல? உள்ள ஒயரு கியரு கீதா?" என்று பஞ்சு அடைப்பானைப் பிடுங்கி, எங்கள் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, உள்ளே விட்டு நீளத்துக்கு ஒரு இழு இழுத்தார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஒயர் இல்லை. முதலாளியை ஸ்டேஷன் பக்கம் வந்து பார்க்கச் சொல்லிவிட்டு ஏட்டு போய்விட்டார்.

போலீஸ் போனது. வீட்டுக்குள் அதைவிடப் பெரிய போலீஸ் கிளம்பியது.

"வூட்ட காலி பண்ணச் சொல்லு" என்றார் மாமியார். "அமாவாச வரைக்கும் டைம். ஊரு முன்னாடி என்னத் திருடின்னு காட்டிட்டா."

"திருடின்னு சொல்லல அத்த. எட்டிப் பாத்தீங்கன்னுதான்."

"நா எட்டிப் பாக்கல!"

அந்த நாளில் அவரைப் போன்ற ஆளுக்கு வேறு யாரும் வீடு தர மாட்டார்கள். தந்தாலும் குழாய்களைப் பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு எங்கே போவது? நான் அந்த அம்மாவிடம் போய், பெரியவர்கள், ஒரு வார்த்தை தணிந்து பேசிவிடுங்கள் என்றேன்.

"நான் அவுகளைச் சொல்லவே இல்லியேக்கா. கோடு சொல்லிச்சு, ஏட்டு படிச்சாரு."

இரண்டு நாள் போயிருக்கும். மத்தியானம் சமையற்கட்டுக்குள் குழாயோடு வந்து நின்றார். கண் இரண்டும் அலைந்துகொண்டிருந்தது.

"இதைத் தொட்டது யாரு?"

ஏட்டு கீறிய குழாய். முழு வெள்ளையாக இருந்ததில், ஈர்க்குச்சி போன தடம் முழுக்கப் பச்சையாக ஒரு நெடுங்கோடு ஓடியது. அடியில் அரக்குப் பொட்டு. கொட்டகைப் பூசணம். என்னிடம் எது எது என்று கேட்டுக் கணக்கு முடித்திருந்தார்.

"ஏட்டுதானே கிளறினாரு. நீங்களும் பாத்தீங்களே."

"பாத்தேன். குச்சி எங்க?"

"எந்தக் குச்சி?"

அவர் எங்கள் துடைப்பத்தைப் பிரித்து முற்றத்தில் பரப்பிவிட்டார். அந்தக் குச்சியில் ஏற்கெனவே வேறு பூசணம் ஒட்டியிருந்ததோ என்று சந்தேகம். மாமியார் தூணோரம் நின்று, "தொடப்பத்தயும் சந்தேகப்பட ஆரம்பிச்சிட்டா" என்று சுவரிடம் சொன்னார். குச்சி கிடைக்கவில்லை. அதனால் அவர் ஒரு கம்பியை நெருப்பில் பழுக்கக் காட்டி, ஆறவைத்து, சிவப்பு பல்பின் கீழே வேறொரு அரக்குப் பொட்டுக் குழாயைத் தானே கீறினார். மறுபடியும் கீறிய இடத்தில் மட்டும் பச்சை.

"குருடுதான்க்கா" என்றார். "மலடு இல்ல."

"எப்படி?"

"நாய்க்குத்தான் கண்ணு போச்சு. அதான் வெளிச்சம் வந்தும் குரைக்கல. ஏட்டு நேரா உள்ள போயி பெரியம்மாவைக் கிள்ளிட்டாரு. அவுக எந்திரிச்சு உத்தரவு போட்டுட்டாவ. அடுப்பும் எரிஞ்சிட்டு."

குதிக்க வேண்டிய நேரம். அவர் கையைப் பார்த்தார், பையைத் திறந்து பார்த்தார், வேலைக்குக் கிளம்பிவிட்டார். மறுவாரமே கொட்டகையில் தட்டுப் பூசணத்தை எல்லாம் இரும்புச் சீப்பால் வாரிவிட்டார்கள். பச்சை வந்தது. கொட்டகை மூடவில்லை. அந்தக் குருட்டுப் பூசணத்தை மதராஸுக்குக் கொண்டுபோய் யாரோ பெரியவர்களிடம் காட்ட வேண்டும் என்று முதலாளி அவரைக் கூப்பிட்டார்.

ஆனால் அமாவாசை நெருங்கிவிட்டது. என் மாமியார் அசையவில்லை.

கிளம்புகிற அன்று அந்த அம்மா கறுப்புத் துணி சுற்றிய ஒரு குழாயை எடுத்து வந்து, மாமியார் கையில் நேராகக் கொடுத்தார்.

"பெரியம்மா, நான் வார வரைக்கும் இதை நீங்க வச்சிருங்க. வெளிச்சம் படக்கூடாது. வந்து பிரிச்சுப் பாக்கேன். கோடு இருந்தா நானே பெட்டியைக் கட்டுதேன். கோடு இல்லன்னா அன்னைக்குச் சொன்னது தப்புன்னு ஊர்ல நானே சொல்லுதேன். இருந்துக்கிடலாமா அப்ப?"

மாமியார் நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டார். "வெச்சிட்டுப் போ. எனக்கு இன்னா பயம்?" டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது குழாய்.

மறுநாள் காலை நான் துணி துவைக்கக் கிணற்றடிக்குப் போனேன். மாமியார் அங்கே சூரியனைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கறுப்புத் துணி தோளில் கிடந்தது. குழாயை வெயிலுக்கு நேரே தூக்கி, முட்டை கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தே!"

கையிலிருந்து நழுவப் பார்த்தது. "பல்லி எதுனா உள்ள பூந்துச்சான்னு பாத்தேன்டி."

"பஞ்சு அடச்சிக்கீது. பல்லி எப்படிப் பூரும்?"

"அதத்தான் பாத்தேன்."

அதற்கப்புறம் அவர் பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலவும் இருந்தது. "கோடு வந்துடுமாடி?" என்று என் பின்னாலேயே வருவார். வந்துவிட்டால் ஊர் முன்னால் இரண்டாவது தடவை தலை குனிய வேண்டும். அதோடு அந்த அம்மாவும் தெருவில் நிற்பார். எல்லையம்மனுக்குக் காசு முடிந்து வைத்தார். வந்துவிட்டதா என்று பார்க்க மறுபடி பிரிக்கவும் பயம். பிரித்தால் இன்னொரு கோடு.

நாலு நாள் கழித்து அந்த அம்மா வந்தார். சிவப்பு பல்பைப் போட்டார். நாங்கள் மூன்று பேரும் உள்ளே. மாமியார் என் கையைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது. துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார்.

வெள்ளை. முனையிலிருந்து முனை வரை ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி வெள்ளை. ஒரு கோடு இல்லை.

அந்த அம்மா குழாயை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பெரியம்மா பாக்கல" என்றார். "நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

சொன்னபடி பால் ஊற்றுகிற இடத்தில் நின்று ஊருக்கும் சொன்னார். மாமியார் அன்று மீன் குழம்பு வைத்து அவருக்குத் தனியாக எடுத்துக்கொடுத்தார். "நல்ல பொண்ணு. என்ன, கொஞ்சம் சந்தேகம் ஜாஸ்தி" என்று எல்லாரிடமும் சொன்னார். அந்த அம்மா குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். அதன் பிறகு இரண்டு வருஷம் எங்கள் பின்கட்டில்தான் இருந்தார். சாம்பிராணி அந்த அறைக்கு வெளியே, வாசல்படியில் மட்டும் போடப்பட்டது.

எனக்குத்தான் மண்டைக்குள் பூசணம் பிடித்துவிட்டது. சூரியனையே காட்டியிருக்கிறார் என் மாமியார். நான் என் கண்ணால் பார்த்தேன், யாரும் சொல்லவில்லை. கோடு எங்கே?

அன்று சாயந்திரம் அந்த அம்மா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தக் குழாயை எடுத்து அடியில் திருப்பினேன். பொட்டு இல்லை. பொட்டு இருந்த இடத்தில் வட்டமாகப் பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டிய தடமும்.

அவர் திரும்பி வந்தார். நான் குழாயைக் காட்டினேன்.

"இதுல நா ஒட்டின பொட்டு எங்க?"

"உரிஞ்சு விழுந்திருக்கும்."

"பாத்தீங்களா? இல்ல யாராவது சொன்னாங்களா?"

அவர் சிரித்து அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். சத்தம் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. குழாயை என் கையிலிருந்து வாங்கி, துணியைச் சுற்றி, உள்ளே போய்ப் பூட்டினார். தெருமுனை வரைக்கும் போகவில்லை, ஆனாலும் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

கையில் கட்டிய வாட்சை நம்பாதவர். கடைக்காரரை, ஏட்டை, துடைப்பத்தை, தன் கண்ணையே நம்பாதவர். என் மாமியார் அந்தத் துணியைப் பிரிப்பார் என்பதில் மட்டும் அவருக்குக் கடுகளவுகூடச் சந்தேகம் வரவில்லை. அதனால்தான் பார்த்துப் பார்த்துக் குருட்டுக் குழாயாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.